வாங்குக்குப் பின்னால் நின்ற செடி

கிளெமென்ற் நடக்கப் போகிறேன் என்று சொன்னபோது எமிலி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் கோடை அது. ஒஸ்லோவின் பழைய நகரில் இடிந்து கிடக்கும் தேவாலயத்தில் தொடங்கி, வடக்கே துரொண்ட்ஹைம் பேராலயம் வரை ஒரு யாத்திரை வழி போகிறது. முழுவதையும் நடந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ட்ராம் ஓட்டுகிற மனிதன், நாள் முழுக்க இருந்த இருப்பில் வேலை செய்கிறவன், விடுமுறையில் நடந்தால் உடம்புக்கு நல்லதுதான் என்று நினைத்தாள்.

"தனியவோ போறியள்?" என்று கேட்டாள்.

"இல்லை, தூரிட்டும் வாறா."

எமிலி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். தூரிட் அவனுடன் வேலை செய்யும் ட்ராம் சாரதி. ஐம்பது வயது தாண்டியவள். கட்டையாக வெட்டிய நரைத்த தலைமுடி, வெயிலில் காய்ந்த முகம், ஆண்களுடையதைப் போன்ற சப்பாத்து. அழகியாக இருந்திருந்தால் எமிலி தன் அக்காவுக்காவது தொலைபேசி எடுத்துச் சொல்லி அழுதிருக்கலாம். இவளைச் சொன்னால் அக்கா சிரிப்பாள்.

எமிலியின் மனதில் கிடந்தது வேறு. கிளெமென்ற் வீட்டில் கதைக்கிற ஆள் இல்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. மகள் யூலியாவோடு கொஞ்சம் விளையாடுவான், பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிடுவான். ஆனால் ஒருநாள் மறந்துபோன அவனது மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க எமிலி ட்ராம் நிலையத்துக்குப் போனாள். ஓய்வறைக் கண்ணாடிக்கு அப்பால் அவன் தூரிட்டுடன் கதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் விரித்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்து, எதையோ விபரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு கிளெமென்றைக் கல்யாணம் கட்டிய எட்டு வருடத்தில் அவள் கண்டதில்லை.

"நானும் வாறன்" என்றாள்.

"நீரோ?" அவன் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு தரிப்பு தள்ளியிருக்கிற கடைக்கே பஸ் எடுக்கிற ஆள் நீர்."

"வாறன் எண்டால் வாறன்."

யூலியாவை ட்ராமன் நகரில் இருக்கும் அக்கா மரியரஞ்சனி வீட்டில் விட்டுவிட்டு, யூலை மாதத்து வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் புறப்பட்டார்கள்.

தூரிட் எமிலியைக் கட்டிப்பிடித்து வரவேற்றாள். எமிலியின் முதுகுப் பையைப் பார்த்து, வார்களை இழுத்துச் சரிசெய்து, பாரம் இடுப்பில் இறங்கும்படி கட்டிவிட்டாள். அதன் பிறகு பை லேசாகத்தான் இருந்தது. அதுவும் எமிலிக்குப் பிடிக்கவில்லை.

வழி நகரத்தை விட்டு உடனே வெளியேறுவதில்லை. தொழிற்சாலைகள், களஞ்சியங்கள், நெடுஞ்சாலைப் பாலங்கள், இடையில் அல்னா ஆறு. வெயில் கொளுத்தியது. எமிலி கையில்லாத சட்டை போட்டிருந்தாள். முன்னால் போன இருவரும் நோர்வேஜிய மொழியில் கதைத்துக்கொண்டே போனார்கள். ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. யாராவது ஒருவர் பின்னால்தான் வர வேண்டும், அது எப்போதும் எமிலியாகவே இருந்தது. இடைக்கிடை கிளெமென்ற் திரும்பி, "சரியோ?" என்று கேட்பான். "ஓம்" என்பாள். அவ்வளவுதான் அவர்களுடைய தமிழ்.

மத்தியானத்துக்குப் பிறகு ஆற்றோரம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து ஆறினார்கள். எமிலி கால் நனைக்கப் போவதாகச் சொல்லி இறங்கினாள். திரும்பி மேட்டில் ஏறி வந்தபோது வாங்குக்குப் பின்புறமாக வந்து சேர்ந்தாள். அங்கே ஆளைவிட உயரமான செடிகள் கூட்டமாக நின்றன. கையளவு தடித்த தண்டு, முறத்தைப் போல அகன்ற இலை, உச்சியில் குடை விரித்ததுபோல வெள்ளைப் பூ. அந்த மறைப்புக்குள் நின்றால் அவர்கள் கதைப்பது கேட்டது.

எமிலிக்கு நோர்வேஜிய மொழி கிளெமென்ற் நினைத்ததைவிட நன்றாக விளங்கும். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை. பேச வெட்கப்படுவாள், ஆனால் கிழவிகள் தங்களுக்குள் கதைப்பதெல்லாம் காதில் விழுந்து விழுந்து மொழி உள்ளே போயிருந்தது.

"படகு திரும்பி வராத அன்றைக்கும் நீ வேலைக்குப் போனாயா?" என்று தூரிட் கேட்டாள்.

"அன்றைக்கும் போனேன், அடுத்த நாளும் போனேன். வேறென்ன செய்வது? பாட்ஸ்பியோர்ட்டில் எனக்கு அவனைத் தவிர ஆள் இல்லை. அறைக்குப் போனால் அவனுடைய கட்டில். அதனால் மீன் தொழிற்சாலையிலேயே நின்றேன்."

பாட்ஸ்பியோர்ட் வடகோடியில் இருக்கும் மீன்பிடி ஊர்; எலியாஸைப் பற்றிச் சொல்கிறான். கிளெமென்றின் தம்பி. வீட்டு வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவனுடைய படம் இருக்கிறது. 'வடக்கிலை கடலிலை போனவன்' என்பதற்கு மேல் எமிலிக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை கேட்டபோது, "பழங்கதை, விடும்" என்று சொல்லிவிட்டான்.

"மேசையில் நின்று மீனை வெட்டித் திறக்கிறபோதெல்லாம்," கிளெமென்ற் தொடர்ந்தான், "இது அவன் கிடக்கிற கடலிலிருந்து வந்தது என்று நினைப்பேன். அன்றிலிருந்து மீன் என் தொண்டையால் இறங்குவதில்லை."

"உன் மனைவி கடற்கரை ஊர்க்காரி என்றாயே. அவளுக்குத் தெரியுமா?"

"இல்லை. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

தூரிட் சிரிக்கவில்லை. அவனுடைய முதுகில் கையை வைத்து, ஒருதடவை மேலும் கீழும் தடவிவிட்டு எடுத்தாள்.

எமிலி அந்தக் கையைப் பார்க்க எட்டினாள். பக்கத்தில் நின்ற தண்டைப் பிடித்தாள். உள்ளே ஒன்றுமில்லாத தண்டு அது. டக்கென்று முறிந்து, கையோடு சாறு ஒழுகியது. இருவரும் திரும்புவதற்குள் குனிந்துவிட்டாள். வழிந்த வியர்வையை அதே கையால் கழுத்திலும் கன்னத்திலும் துடைத்தாள். இலைகளை முழங்கையால் விலக்கி, பாலத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் வந்தாள்.

"தண்ணி குளிரோ?" என்று கிளெமென்ற் கேட்டான்.

"ஓம்" என்றாள்.

எட்டு வருடம். பேசாலையில் பிறந்தவள் எமிலி. கருவாட்டு மணமில்லாத நாளை அவள் சின்ன வயதில் கண்டதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம் புட்டும் மீன் குழம்பும் வைத்து எதிரே உட்கார்ந்தபோது, "எனக்குக் கடிக்கும்" என்று சொல்லித் தட்டைத் தள்ளினான். பயந்துபோனாள். அன்றிலிருந்து இரண்டு சட்டி, இரண்டு அகப்பை. அவனுடைய இறைச்சிக்கு மீன் கரண்டி படக்கூடாது என்று தனியாகக் கழுவி வைப்பாள். விருந்துக்குப் போகிற வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைப்பாள். அத்தனையும் ஒரு பொய்க்காக. அந்தப் பொய்யின் பின்னால் இருந்த உண்மை, இந்தக் கட்டைத்தலைமுடிக்காரிக்குச் சும்மா ஒரு வாங்கில் இருந்தபடி கிடைத்துவிட்டது.

யாத்திரை வழி அவர்கள் குடியிருக்கும் ஃபூருசெத் பகுதியினூடாகத்தான் போகிறது. அதனால் முதல் இரவு மூன்று பேரும் வீட்டிலேயே தங்குவதென்று முன்பே ஏற்பாடு. எமிலி வந்த உடனே முகத்தைக்கூடக் கழுவாமல் குசினிக்குள் போனாள். உறைபெட்டியில் கிடந்த அறக்குளா மீனை எடுத்து, மிளகாய்த்தூளும் உப்பும் மஞ்சளும் பூசிப் பொரித்தாள். மணம் வரவேற்பறை வரை போனது. தட்டை மேசையின் நடுவில் வைத்தாள்.

கிளெமென்ற் அவளைப் பார்த்தான். "எனக்கு ஏலாது எண்டு தெரியும்தானே."

"உங்களுக்கில்லை. விருந்தாளிக்கு."

தூரிட் மீனைப் பார்த்தாள். பிறகு கிளெமென்றைப் பார்த்தாள். "நன்றி எமிலி, இன்று எனக்கும் வேண்டாம்" என்றாள் மெதுவாக. பாணில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டாள்.

எமிலி ஒவ்வொரு துண்டாக எடுத்து, முள்ளை விரலால் பிரித்து, மீன் முழுவதையும் தானே சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த நாளும் வெயில் குறையவில்லை. லோரன்ஸ்கூக் தேவாலயம் தாண்டி வயல்களுக்குள் இறங்கியபோது கைகள் எரியத் தொடங்கின. வெயில் சுட்டது என்று நினைத்தாள். தூரிட் நீளக்கைச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினாள். அவளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிட எரியட்டும். மாலையில் கழுத்து சிவந்திருந்தது. சனிக்கிழமை இரவு தங்கிய தேவாலய மண்டபத்தில் எமிலி சுவரைப் பார்த்தபடி படுத்தாள். போர்வை பட்டாலும் நெருப்புப் போல இருந்தது. ஒரு சத்தமும் காட்டவில்லை.

காலையில் கண்ணாடியில் தன்னைக் கண்டு பயந்துவிட்டாள். வலது கை முழுக்க மஞ்சள் நீர் கோர்த்த கொப்புளங்கள். சில நாவற்பழ அளவில் இருந்தன. கழுத்தில் விரல் இழுத்த தடம் விரல் இழுத்த மாதிரியே சிவந்து பொங்கியிருந்தது. கன்னத்திலும் ஒரு கோடு.

"மாதாவே!" என்றான் கிளெமென்ற். "என்னண்டு வந்தது? என்ன சாப்பிட்டனீர்?"

தூரிட் அவளை யன்னலருகே கொண்டுபோக எண்ணி, பிறகு அந்த எண்ணத்தை மாற்றி நிழலுக்கு இழுத்தாள். திரைச்சீலையை மூடினாள். கொப்புளத்தில் தொடாமல் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது வெயில் இல்லை. ராட்சதக் கரடிக்கீரை என்று ஒரு செடி. அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் இப்படித்தான் எரித்துவிடும். ஆள் உயரம் நிற்கும், வெள்ளைப் பூ. எங்கே தொட்டாய்?"

"தெரியாது" என்றாள் எமிலி.

"நாம் நடந்த பாதையில் எங்கேயும் இல்லையே. நான் பார்த்துத்தான் வந்தேன். ஆற்றோரம் மட்டும்தான் நின்றது, நாங்கள் இருந்த வாங்குக்குப் பி..."

தூரிட் சொல்லை முடிக்கவில்லை. அவளுடைய முகம் மாறியது. கிளெமென்றைப் பார்க்காமல் கைதுடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் நனைக்கப் போனாள். ஆனால் அவனுக்கும் விளங்கிவிட்டது.

"பின்னாலை நிண்டு கேட்டனீரோ?"

"ஓம்."

"எல்லாம்?"

"மீன் கடிக்கும் எண்ட கதையும் கேட்டனான்." எமிலி அவனுக்கு நேரே திரும்பினாள். "எட்டு வருசம் ரெண்டு சட்டியிலை சமைச்சனான். உங்களுக்கு மேலெல்லாம் தடிச்சிடுமோ, மூச்சு முட்டிடுமோ எண்டு பயந்து பயந்து. என்னட்டைச் சொல்ல உங்களுக்கு என்ன? நான் ஆர்? சமையல்காரியோ?"

"மெதுவாய்க் கதையும்."

"ஏன் மெதுவாய்? அவவுக்கு விளங்காது. இது எங்கடை பாஷை."

அதைச் சொன்னபோதுதான் எமிலிக்கு உறைத்தது. ஈரத்துணியுடன் வாசலில் நின்ற தூரிட் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்பட்டதிலிருந்து முதல்தடவையாக அவள் வெளியே நின்றாள், எமிலி உள்ளே நின்றாள். கை நெருப்பாக எரிந்த அந்த நேரத்திலும் அது ஒரு குளிர்ச்சியாக இருந்தது.

கிளெமென்ற் கட்டிலில் இருந்துவிட்டான். "தமிழிலை அதைச் சொல்ல என்னாலை ஏலாது எமிலி. அந்தப் பாஷையிலை சொல்லேக்கை, அது வேறை ஆருக்கோ நடந்த மாதிரிக் கிடக்கும். தமிழிலை 'தம்பி' எண்டு வாய் திறந்தாலே..." அவன் நிறுத்தினான். "அம்மாவுக்குக்கூட வேறை ஆளைக் கொண்டுதான் சொல்லுவிச்சனான்."

அவன் சொன்னது உண்மை என்று எமிலிக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. முதல்தடவை சொல்வது ஒருமுறைதான் நடக்கும். அது தூரிட்டுக்குப் போய்விட்டது. இனி தனக்குச் சொன்னாலும் அது இரண்டாம் தடவைதான்.

தூரிட் வந்து ஈரத்துணியைக் கையில் சுற்றிவிட்டாள். தன்னுடைய நீளக்கைச் சட்டையை இந்த முறை கேட்காமலே போர்த்தினாள். "நீங்கள் இரண்டு பேரும் ரயிலில் திரும்பிப் போங்கள். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் மெதுவாக நடந்து போகிறேன்" என்றாள். பிறகு எமிலியிடம் மட்டும், "நான் அவனிடம் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை, எமிலி. வேலையில் அவன் எப்போதும் தன் மத்தியானப் பெட்டியில் மீன் ஏதும் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

ஏன் என்று தானும் ஒருநாள் கேட்டிருக்கலாம் என்று எமிலி ரயிலில் நினைத்தாள். கடிக்கும் என்று சொன்ன உடனே நம்பிவிட்டாள். அந்த நினைப்பு கொப்புளத்தைவிட அதிகமாக வலித்தது. அதற்கும் சேர்த்துத் தூரிட் மீது எரிச்சல் வந்தது.

ஒஸ்லோவில் அவசர சிகிச்சை நிலையத்தில் இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். கொப்புளங்களை உடைக்கக்கூடாது, களிம்பு பூச வேண்டும், பல வாரங்களுக்கு வெயில் அந்தத் தோலில் படவே கூடாது என்றார். பட்டவுடனே சோப்புப் போட்டுக் கழுவி மூடியிருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காதாம். கறுத்த அடையாளம் குளிர்காலம் வரை நிற்கலாமாம்.

வீட்டு யன்னல்களுக்கெல்லாம் கிளெமென்ற் திரை போட்டான். யூலியாவை அக்கா இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பதாகச் சொன்னாள். நோர்வேக்காரர் எல்லோரும் வெயிலுக்கு வெளியே கிடந்த அந்த யூலை மாதத்தில் அவர்கள் இருவரும் இருட்டறைக்குள் இருந்தார்கள். அவனுக்கு விடுமுறை முடியவில்லை. துரொண்ட்ஹைமுக்குப் போக ஆசை இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. எலியாஸ் இருந்திருந்தால் அந்த வருடம் நாற்பது வயது, அதற்காகத்தான் நடக்க நினைத்தான் என்பதை அவனாகவே சொன்னான். களிம்பைப் பஞ்சில் எடுத்து, கொப்புளங்களைச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தபோது.

"இதையும் அவவுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு வேண்டாம்." எமிலி கையை இழுத்துக்கொண்டாள். "அவவுக்குச் சொல்லாத ஒண்டு சொல்லுங்கோ."

அவன் பஞ்சைக் கீழே வைத்தான். சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மனமில்லை.

"சொதி" என்றான்.

"என்ன?"

"எலியாஸ் சொதி வைப்பான். பாட்ஸ்பியோர்ட்டிலை தேங்காய் எங்கை? பசுப்பாலிலை வைப்பான். தேசிக்காயும் இல்லை, வினாகிரியை ஊத்துவான். ஊத்தின உடனை பால் திரைஞ்சு போகும். கட்டி கட்டியாய்க் கிடக்கும். 'அண்ணை, இது எங்கடை நெடுந்தீவுச் சொதியில்லை, நோர்வேச் சொதி, பேசாமல் சாப்பிடு' எண்டுவான். ஒவ்வொரு ஞாயிறும். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஏசுவன். ஏசி ஏசிச் சட்டி வழிச்சுச் சாப்பிடுவன்."

அவன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, அன்று கண்ணாடிக்கு அப்பால் கண்டதைப் போலவே சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு முறிந்தது. களிம்பு பூசிய கையை மறந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

எமிலி எரிகிற கையால் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்தாள். "இதை ஏன் அவவுக்குச் சொல்லேல்லை?" என்று அப்போதும் கேட்டாள்.

"சொதிக்கு அந்தப் பாஷையிலை என்னண்டு சொல்லுறது?" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஆவணியில் தூரிட் துரொண்ட்ஹைமிலிருந்து தொலைபேசி எடுத்தாள். கிளெமென்ற் வேலையில் நின்றான், எமிலிதான் எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டேன், கால் இரண்டும் புண், டொவ்ர மலை மேலே மழை பிடித்துவிட்டது என்றெல்லாம் தூரிட் சொன்னாள். கை எப்படி என்று கேட்டாள். எமிலி வெட்கத்தை விட்டுத் தன் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள். பிழைபிழையாகத்தான் வந்தது. தூரிட் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "பேராலயத்தில் எலியாஸுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன், கிளெமென்றிடம் சொல்லிவிடு" என்றாள்.

எமிலி நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள். நல்ல மனுசி. அதில் சந்தேகமில்லை. ஆனால் மெழுகுதிரியையும் அவளே முதலில் ஏற்றிவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. எலியாஸ் யாருடைய மைத்துனன்?

அன்று பின்னேரமே தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமிக்கு அழைத்து, அடுத்த ஞாயிறு பூசையை எலியாஸின் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கச் சொன்னாள். தூரிட்டின் மெழுகுதிரிச் செய்தியைக் கிளெமென்றுக்குச் சொன்னாள், மறைக்கவில்லை. பூசையை ஒப்புக்கொடுக்கக் கேட்டதையும் சொன்னாள். அதை முதலில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எமிலி நீளக்கை இரவிக்கை போட்டு, சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு போனாள். கோவில் நிறைந்திருந்தது. யூலியா இருவருக்கும் நடுவில் இருந்தாள். மன்றாட்டின்போது சுவாமி, "பாட்ஸ்பியோர்ட் கடலிலே இறைவனடி சேர்ந்த நெடுந்தீவு எலியாஸ்" என்று தமிழில் உரக்கச் சொன்னார். பதினேழு வருடமாக யாரும் அந்தப் பெயரைக் கோவிலில் சொன்னதில்லை. கிளெமென்ற் முழங்காலில் இருந்தவன் அப்படியே முன் வாங்கில் நெற்றியை வைத்தான். தோள் குலுங்கியது. "தம்பி" என்றான், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி. இன்னொருமுறை, "தம்பி."

யூலியா பயந்து அம்மாவைப் பார்த்தாள். எமிலி மகளின் தலையைத் தடவிவிட்டு, கை நீட்டிக் கணவனின் முதுகில் வைத்தாள். மேலும் கீழும் தடவினாள், ஒருதடவையோடு நிறுத்தவில்லை.

அவன் இப்படி அழுவதைத் தூரிட் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. கோவிலுக்குள் இருந்துகொண்டு அப்படி நினைப்பது பிழை என்று எமிலிக்குத் தெரியும். நினைத்தாள்.